மாங்காய்ப் பாடமும் சிந்தனைப் பந்தும்

லோகனின் மகள் யாழினிக்கு அறத்தில் சைபர் கிடைத்த செய்தி, அவன் செலாயாங் மொத்தக் காய்கறிப் பாசாரில் லோரியில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது வாட்ஸாப்பில் வந்தது. 'அறச்சிந்தனைப் பாடம்: 0/10. பெற்றோர் உடனே வந்து கையெழுத்திடவும்' என்று அமுதவள்ளி டீச்சர் அனுப்பியிருந்தார். கூடவே கும்பிடு போடும் இரண்டு கைகள்.

கணக்கில் சைபர் என்றால் டியூஷன் வைக்கலாம். மலாயில் சைபர் என்றால் டிவியில் மலாய் நாடகமாவது பார்க்கவிடலாம். அறத்தில் சைபர் வாங்கிய பிள்ளையை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? அதுவும் யாழினி. பத்து வயது, நான்காம் ஆண்டு. தெருவில் திரிகிற பூனையிடம்கூட "சாப்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் தன் தட்டில் கை வைப்பாள்.

கிள்ளானில் இருக்கும் அந்தத் தமிழ்ப்பள்ளிக்கு அறச்சிந்தனை அந்த வருஷம்தான் வந்திருந்தது. அனுப்பிவைத்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு மன்றம். 'சிறார் அறச்சிந்தனை மேம்பாட்டு மன்றம்' என்று பெயர். தத்துவத்தின் வழியாகப் பிள்ளைகளைத் தாமாகவே சிந்திக்கவைப்பது மன்றத்தின் வேலை. தாமாகவே என்னவெல்லாம் சிந்திக்க வேண்டும் என்று நாற்பத்தெட்டுப் பக்கத்தில் புத்தகமும் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

பாடத்துக்குப் பிள்ளைகள் வட்டமாக உட்கார வேண்டும். வட்டம் கோணிவிடக் கூடாது என்று தரையில் சாயம் அடித்திருந்தார்கள். நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு ரப்பர் பந்து. அதுதான் சிந்தனைப் பந்து. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். பந்து வருகைப் பட்டியல் வரிசைப்படிதான் போகும். யாழினியின் பெயர் பட்டியலில் கடைசி. பந்து அவளிடம் வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிடும். ஆறு மாதத்தில் அவள் அதைத் தொட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் அது கால்வாயில் விழுந்தபோது இறங்கி எடுத்துக் கொடுத்ததற்காக. அப்போதும் பேசவிடவில்லை, கழுவச் சொன்னார்கள்.

முட்டைக்கோஸை இறக்கிவிட்டு லோகன் நேராகப் பள்ளிக்குப் போனான். டீச்சர் தாளை எடுத்து நீட்டினார். கேள்வி இப்படி இருந்தது: 'பக்கத்து வீட்டு மாமரத்தின் கிளை உங்கள் பக்கம் நீண்டிருக்கிறது. அதில் காய்த்த மாங்காயைப் பறிக்கலாமா? சிந்தித்து எழுதுக.'

யாழினி ஒரே வரி எழுதியிருந்தாள்: 'பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் கேட்பேன்.'

லோகன் இரண்டு தடவை படித்தான். "இது தப்பா டீச்சர்?"

"தப்புன்னு யாரு சொன்னா? அறச்சிந்தனையில தப்புன்னே ஒண்ணு கெடையாது யாழினி அப்பா. அதனாலதான் சைபர்."

லோகன் தலையை ஆட்டினான். புரிந்துவிட்டது என்பதற்காக இல்லை. ஆட்டாவிட்டால் தனக்கும் மார்க் போட்டுவிடுவார்களோ என்ற பயம்.

"அப்ப சரியான பதில் என்னா டீச்சர்?"

"'இதற்குச் சரியான பதில் என்று ஒன்று இல்லை.' இதுதான் சரியான பதில். இதுக்கு ஆறு மார்க். 'பல கோணங்களில் பார்க்க வேண்டும்'னு எழுதினா ரெண்டு. கடைசியில ஒரு கேள்விக்குறி போட்டா இன்னும் ரெண்டு. மத்த முப்பத்தோரு பிள்ளைங்களும் பத்துக்குப் பத்து. எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி எழுதியிருக்குங்க. அவ்ளோ சுயமா சிந்திச்சிருக்குங்க. ஒங்க பிள்ள மட்டும் ஆன்ட்டிகிட்ட போவுது." டீச்சர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் மனசு ஒப்பல. ஆனா நான் என்னா பண்றது, மன்றம் குடுத்த மார்க் ஸ்கீம்ல ஆன்ட்டி இல்ல."

இன்னொரு சைபர் வந்தால் யாழினியின் அறநிலை அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்களாம். 'அறத்தில் பின்தங்கியவர்' என்று அதில் அச்சடித்திருக்கும். அந்த அட்டை இடைநிலைப் பள்ளி வரைக்கும் பிள்ளையோடு போகும். அதற்குப் பிறகும் போகுமா என்பதை மன்றம் இன்னும் பல கோணங்களில் பார்த்துக்கொண்டிருந்தது.

தாளின் அடியில் 'பெற்றோர் கருத்து' என்று இரண்டு கட்டம். ஒன்றில் 'ஒப்புக்கொள்கிறேன்'. இன்னொன்றில் 'மிகவும் ஒப்புக்கொள்கிறேன்'. கட்டங்களுக்குக் கீழே எழுதுவதற்கு ஒரு கோடு. லோகன் 'மிகவும்' கட்டத்தில் டிக் போட்டான். கோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

லோரியில் வீட்டுக்குப் போகும்போது மகளைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாரும் எழுதினத எழுதினா என்னாம்மா? பதில் இல்லன்னு எழுதறது அவ்ளோ கஷ்டமா?"

"ஆனா பதில் இருக்குப்பா."

"இருந்தா இருந்துட்டுப் போவுது! ஒன்னை யாரு கேட்டா?"

யாழினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று சாயந்திரம் பூனை வாசலில் வந்து நின்றது. அவள் அதை ஒன்றும் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

லோகனின் மனைவி குமுதா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பிள்ள மூஞ்சியப் பாத்தீங்களா? மன்றமாவது மண்ணாவது, போய் என்னான்னு கேட்டுட்டு வாங்க. கேக்கறதுக்கு பயந்தா எப்படி லா?"

புதன்கிழமை லோகன் பிரிக்பீல்ட்ஸ் போனான். அங்கே கார் நிறுத்தவே இடம் கிடைக்காது. லோரிக்கு எங்கே கிடைக்கும்? எங்கேயோ தள்ளி நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க நடந்தான். ஒரு பூமாலைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் மன்றம். கதவைத் திறந்தவுடன் சுவர் முழுக்கப் பெரிய எழுத்தில்: 'கேளுங்கள்! கேள்வியே அறிவின் வாசல்!' அதற்குக் கீழே சின்னத் தாளில்: 'கேள்வி கேட்பவர்கள் நம்பர் எடுக்கவும். புதன்கிழமை கேள்வி கிடையாது.'

திரும்பிப் போயிருப்பான். அவன் சட்டையில் 'லோகன் காய்கறி டிரான்ஸ்போர்ட்' என்று எழுதியிருந்தது அதிர்ஷ்டம். உள்ளே இருந்து எட்டிப்பார்த்த செயலாளர் சிவநேசன் கண்ணில் அது பட்டது.

"அண்ணே, பாசார் ஆளா? வாங்க வாங்க, உள்ள வாங்க!"

லோகன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மகளின் கதையைச் சொன்னான். சிவநேசன் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"அதான் அண்ணே பிரச்சினையே. ஒங்க பிள்ள ஆன்ட்டியக் கேட்டுருது. ஆன்ட்டி எடுத்துக்கம்மான்னு சொல்லிருது. விஷயம் முடிஞ்சு போச்சு. முடிஞ்சு போனா அப்புறம் தத்துவம் எங்க இருக்கு? பீரியட் நாப்பது நிமிஷம் அண்ணே. மிச்ச முப்பத்தொம்பது நிமிஷம் டீச்சர் என்னா பண்ணுவாங்க?"

"பிள்ளைங்க கேள்வி கேக்கணும்னு செவுத்துல போட்டிருக்கீங்களே சார்…"

"கேக்கணும்! கண்டிப்பா கேக்கணும்! எந்தக் கேள்வின்னு கமிட்டி பாத்து அப்ரூவ் பண்ணிக் குடுக்கும். அத அப்படியே கேக்கணும். இல்லன்னா அதுங்க மனசுக்குத் தோணறதையெல்லாம் கேக்க ஆரம்பிச்சிரும்." சொல்லும்போதே அவருக்கு லேசாக உடம்பு சிலிர்த்தது.

பிறகுதான் அவர் லோகனை உள்ளே கூப்பிட்ட காரியம் வெளியே வந்தது. வருகிற சனிக்கிழமை அதே கிள்ளான் பள்ளியில் திட்டத்தின் இரண்டாம் கட்டத் திறப்பு விழா. மன்றத் தலைவர், அரசப் பட்டம் பெற்ற டத்தோ பரமேஸ்வரன் வருகிறார். ரிப்பன் வெட்டுவதெல்லாம் பழசு. பலகையில் செய்த மரம் ஒன்று மேடையில் நிற்கும். அதிலிருந்து டத்தோ ஒரு மாம்பழத்தைப் பறித்துக் கடிப்பார். கடித்தவுடன் மேளம் முழங்கும், திட்டம் திறந்துவிடும்.

"அசல் மாம்பழமா இருக்கணும் அண்ணே. பிளாஸ்டிக்கைக் கடிச்சா போட்டோல நல்லா வராது."

"அவ்ளோதானே சார்? நான் செலாயாங்லேருந்து ஒரு பெட்டி கொண்டாறேன். காசு வேணாம்."

சிவநேசன் முகம் வாடிவிட்டது. "காசு வேணாமா? அப்ப இன்னும் சிக்கல். மூணு கொட்டேஷன் வேணும்."

"இலவசத்துக்கா?"

"மூணு பேரு இலவசம்னு எழுதிக் குடுக்கணும். அதுல ஆகக் குறைஞ்ச இலவசம் எதுன்னு பாத்து கமிட்டி எடுக்கும்."

"கமிட்டி எப்ப சார் கூடும்?"

"அடுத்த மாசம்."

"விழா?"

"சனிக்கிழமதான்." சிவநேசன் மேசைக் காலண்டரைக் கவிழ்த்து வைத்தார். "சரி, பழத்துக்கு நான் வழி பண்ணிக்கிறேன். ஒங்க பிள்ள மேடையில தட்டு ஏந்தி நிக்கட்டும். அன்னிக்கு வாயத் தொறக்காம ஒழுங்கா நின்னுச்சுன்னா மறுதேர்வு போடச் சொல்றேன். பழைய சைபர் அழிஞ்சிரும்."

லோகன் அவருக்கு மூன்று முறை நன்றி சொன்னான். படியிறங்கி நடந்து போனபோது லோரிக் கண்ணாடியில் பார்க்கிங் அபராதச் சம்மன் ஒட்டியிருந்தது. அதுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை.

சனிக்கிழமை விழா எட்டு மணிக்கு. டத்தோ வந்தது பத்தேகாலுக்கு. எட்டு மணியிலிருந்து முப்பத்தோரு பிள்ளைகளும் திடலில் வட்டமாக, வெயிலில், சிந்திக்கும் பாவனையில் உட்கார்ந்திருந்தார்கள். கன்னத்தில் வலது கை. இடது கை என்றால் போட்டோவில் மாறித் தெரியும் என்று டீச்சர் முந்தின நாளே சொல்லிவைத்திருந்தார். டத்தோ பழத்தைக் கடித்தவுடன் எல்லாரும் ஒரே குரலில், தங்களை அறியாமல் கத்த வேண்டிய வாசகத்தையும் ஒரு வாரமாகக் கத்திப் பழகியிருந்தார்கள்.

லோகன் மேடையைப் பார்த்தான். பலகை மரத்தில் பன்னிரண்டு பழங்கள், பளபளவென்று தொங்கின.

"கமிட்டி கூடிருச்சா சார்?"

"தேவையே இல்லாமப் போச்சு அண்ணே," என்றார் சிவநேசன். காலையிலிருந்தே அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணும் செக்கச்செவேல் என்றிருந்தன. பாவம், விழா வேலையில் தூக்கமே இல்லை போல என்று லோகன் நினைத்துக்கொண்டான். "அங்க பாருங்க."

பள்ளி வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டு மாமரத்தின் பெரிய கிளை ஒன்று திடலுக்குள் நீண்டிருந்தது. அந்தக் கிளையில் இலை மட்டும்தான் மிச்சம்.

"வீட்டுக்காரங்ககிட்ட சொன்னீங்களா சார்?"

"அண்ணே, மரம் அவங்களது, கிளை நம்ம பக்கம். இதுக்குச் சரியான பதில்னு ஒண்ணு கெடையாது. நானும் பல கோணத்துல பாத்தேன். எந்தக் கோணத்துல பாத்தாலும் கைக்கு எட்டுச்சு."

யாழினி பாவாடை சட்டையில், கையில் வெள்ளித் தட்டோடு வந்து நின்றாள். அவளும் கிளையைப் பார்த்தாள். பிறகு மரத்தைப் பார்த்தாள்.

"அப்பா, வீரம்மா ஆன்ட்டியக் கேட்டாங்களா?"

வீரம்மா ஆன்ட்டிதான் பக்கத்து வீட்டுக்காரர். பிள்ளைகள் விளையாடும் பந்து உள்ளே விழுந்தால் திட்டாமல் எடுத்துப் போடுகிறவர்.

"உஸ்!" என்றான் லோகன். "இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் எதையும் கேக்காதம்மா. அப்பாவுக்காக."

யாழினி தலையை ஆட்டினாள். கழிவறைக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னாள். கழிவறை வேலிப் பக்கம்தான். திரும்பி வரும்போது ஓட்டமாக வந்தாள்.

"அப்பா! அந்தப் பழத்த—"

"என்னா சொன்னேன்?"

"இல்லப்பா, ஆன்ட்டி என்னா சொன்னாங்கன்னா—"

அதற்குள் டத்தோவின் கார் வந்துவிட்டது. உறுமி மேளம் கிளம்பியது. யாரோ யாழினியின் தோளைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

டத்தோவுக்கு மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், அதன்மேல் இன்னொரு மாலை. பிறகு தங்க நிறம் பூசிய சிந்தனைப் பந்தைக் கையில் கொடுத்தார்கள். டத்தோ அதை இடது கையில் அணைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! கேள்வி கேட்கும் சமுதாயமே உயரும் சமுதாயம். இந்த மன்றத்துக்கு நான் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தலைவர். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருவர், ஒரே ஒருவர்கூட, என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை! அந்த அளவுக்குக் கேள்வி கேட்கும் பண்பாட்டை நாம் வளர்த்திருக்கிறோம்!" கைதட்டல். "சிலர் சொல்கிறார்கள், அறம் என்பது வீட்டில் கற்றுக்கொள்வது என்று. வீட்டில் கற்றுக்கொண்டால் சான்றிதழ் யார் கொடுப்பது?" மறுபடியும் கைதட்டல். "நானும் சிறுவயதில் பக்கத்து வீட்டு மாங்காயைத் திருடியவன்தான். அன்று எனக்குத் தத்துவம் தெரியாது. அதனால் குற்ற உணர்ச்சியோடு தின்றேன். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக் கூடாது!"

பேசி முடித்து, மரத்தில் ஆகப் பெரிய பழமாகப் பார்த்துப் பறித்தார்.

"டத்தோ அங்கிள்," என்றாள் யாழினி.

சிவநேசன் பல்லைக் கடித்தார். "பந்து இல்லாம பேசக் கூடாதும்மா!"

யாழினி பந்தைப் பார்த்தாள். ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டினாள். "பந்தக் குடுங்க அங்கிள். ஒரே ஒரு நிமிஷம்."

"பாருங்கள், பிள்ளைக்கு எவ்வளவு ஆர்வம்!" என்று டத்தோ மைக்கில் சிரித்தார். அவள் தலையில் தட்டிக் கொடுத்தார். பந்தைக் கொடுக்கவில்லை. போட்டோகிராபர்கள் இன்னும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கீழே உட்கார்ந்திருந்த லோகனுக்கு மகளின் முகம் நன்றாகத் தெரிந்தது. அது அடம்பிடிக்கிற முகம் இல்லை. சொல்ல ஒன்றை வைத்துக்கொண்டு, சொல்ல வழியில்லாமல் தவிக்கிற முகம். காலையில் தன்னிடம் ஓடி வந்ததும் இதே முகத்தோடுதான். அவன் எழுந்து நின்றான்.

"சார்! ஒரு நிமிஷம் நில்லுங்க!"

கழுத்தில் மன்றத்து அடையாள அட்டை மாட்டிய ஒருவர் ஓடி வந்தார். "அங்கிள், உக்காருங்க. பெற்றோர் கேள்வி நேரம் பன்னெண்டு மணிக்கு."

டத்தோ கடித்தார். தோலோடு, வாய் நிறைய.

முதலில் அவருடைய காது இரண்டும் சிவந்தன. பிறகு நெற்றி. கண்ணிலிருந்து தாரைதாரையாக நீர் கொட்டியது. சிவநேசன் இதைப் பரவசம் என்று எடுத்துக்கொண்டு மேளக்காரர்களுக்குக் கை காட்டினார். உறுமி முழங்கியது. டத்தோ ஒரு காலைத் தூக்கினார். அடுத்ததைத் தூக்கினார். மேடையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பழகி வைத்திருந்தபடி, முப்பத்தோரு பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள்: "பல கோணங்களில் பார்க்க வேண்டும்!"

டத்தோ கையை வாய்க்கு நேராக விசிறிக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது. பந்து உருண்டு போய் மேடைக்குக் கீழே விழுந்தது. அவ்வளவு கூட்டத்தில் அவர் பக்கத்தில் போனது யாழினி ஒருத்திதான். தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தோளில் தொங்கிய தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள்.

"தண்ணி வேணுமா அங்கிள்?"

பன்னிரண்டு ஆண்டுகளில் டத்தோவிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். அவர் பேச முடியாமல், வேகமாகத் தலையை ஆட்டினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் வீரம்மா ஆன்ட்டி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். "அணில் ஒண்ண விடாமக் கடிச்சிப் போடுதேன்னு நேத்துதான் சிலி பாடி மொளகாய அரைச்சு, வேப்பெண்ணெயில கலந்து, பழம் பூரா தடவி வச்சேன். ரெண்டு நாள் போனா நானே கழுவிக் குடுத்திருப்பேன். வேணும்னு ஒரு வார்த்த கேட்டா சொல்லியிருக்க மாட்டேனா? அந்தப் பிள்ள ஒண்ணுதான் வந்து கேட்டுச்சு. ஓடிப் போய்ச் சொல்லும்மான்னு அனுப்பினேன், அத யாரு பேசவிட்டா?"

சிவநேசன் அப்போதுதான் தன் கையைப் பார்த்தார். பிறகு, பழக்க தோஷத்தில், அதே கையால் மறுபடியும் கண்ணைக் கசக்கினார்.

மன்றத்தின் ஒரு பக்க அறிக்கை மறுநாளே வெளிவந்தது. ஆறு வண்ணப் படங்கள். 'டத்தோ அவர்கள் பாடத்தின் ஆழத்தை உணர்ந்து மேடையிலேயே கண்ணீர் சிந்தினார். பார்த்தவர்கள் எழுந்து நின்றனர்' என்று போட்டிருந்தது. அதில் பொய் என்று ஒன்றுமே இல்லை.

அடுத்த மாசம்தான் கூடும் என்று இருந்த கமிட்டி திங்கட்கிழமையே கூடியது. புத்தகத்தில் நாற்பத்தொன்பதாம் பக்கம் சேர்த்தார்கள். மாங்காய்ப் பாடத்துக்கு இனிமேல் ஒரே பதில்: 'பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் கேட்பேன்.' முழுசாகப் பத்து மார்க். பிள்ளைகள் தினமும் காலையில் இதைப் பத்துத் தடவை சொன்னார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் வீரம்மா ஆன்ட்டிக்குக்கூட மனப்பாடம் ஆகிவிட்டது.

சிவநேசன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வெள்ளிக்கிழமை மறுதேர்வு. அதே கேள்வி. லோகன் அன்று காலை நிம்மதியாகச் சாமி கும்பிட்டுவிட்டு லோரி எடுத்தான். மகள் போன தடவை எழுதியதை அப்படியே எழுதினாலே போதும்.

மத்தியானம் வாட்ஸாப் வந்தது. 0/10. கும்பிடும் இரண்டு கைகள்.

முப்பத்தோரு பிள்ளைகளும் ஆன்ட்டியிடம் கேட்பதாக எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தார்கள். பள்ளியில் டீச்சர் எடுத்து நீட்டிய யாழினியின் தாளில் இப்படி இருந்தது: 'ஆன்ட்டியிடம் கேட்டேன். இரண்டு நாள் கழித்து வா என்றார். போனேன். நான்கு பழம் கழுவிக் கொடுத்தார். ஒன்று புளிப்பு.'

"என்னா டீச்சர் இது? இப்பதான் ஸ்கீம்ல ஆன்ட்டி இருக்காங்களே!"

"ஆன்ட்டி இருக்காங்க. புளிப்பு இல்ல," என்றார் அமுதவள்ளி டீச்சர். "கேப்பேன்னு சொல்லி அதோட நிறுத்திருக்கணும் யாழினி அப்பா. ஒரு பிள்ள நெஜமாவே போய்க் கேட்டுட்டு வரும்னு கமிட்டி நெனைக்கவே இல்ல."

சிவப்பு ஸ்டிக்கரை உரித்து யாழினியின் அட்டையில் ஒட்டினார். ஓரத்தை விரலால் நன்றாக அழுத்திவிட்டார். பிறகு கதவோரம் நின்றுகொண்டிருந்தவளிடம், கொஞ்சம் தயங்கி, "அந்த ஆன்ட்டி இன்னும் பழம் வச்சிருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்கு டீச்சர். போய்க் கேளுங்க, குடுப்பாங்க."

லோகன் பேனாவை எடுத்தான். அதே இரண்டு கட்டங்கள். கை தானாகவே 'மிகவும்' பக்கம் போனது. பாதியில் நின்றது. அவன் மகளைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏம்மா இப்படி எழுதின?"

யாழினி ஆச்சரியமாக நிமிர்ந்தாள். இரண்டு சைபருக்கும் சேர்த்து, அவளை யாரும் இதுவரை கேட்காத கேள்வி.

"நடந்தது அதானேப்பா. ஒண்ணு நெஜமாவே புளிப்பு. நீங்கதானே தின்னீங்க?"

உண்மைதான். அவன்தான் தின்றான். லோகன் இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டு, கீழே இருந்த கோட்டில் எழுதினான்: 'மகளைக் கேட்டேன். அவள் சொல்வது சரி.'

டீச்சர் எட்டிப் பார்த்தார். "ஐயோ, டிக்தான் பண்ணணும் யாழினி அப்பா. எழுதினா மன்றத்துல ஏத்துக்க மாட்டாங்க லா."

"பரவால்ல டீச்சர்."

அன்று சாயந்திரம் பூனை வந்தபோது யாழினி தட்டோடு வாசலுக்கு வந்தாள். "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு, அது என்ன சொல்கிறது என்று காத்திருந்தாள்.

அடுத்த வாரம் செலாயாங்கில் கேரட் ஏற்றிக்கொண்டிருந்தபோது மறுபடியும் வாட்ஸாப் வந்தது. இந்தத் தடவை மன்றத்திலிருந்தே. 'பெற்றோர் கருத்து: 0/10. தங்கள் பிள்ளை உடனே கையெழுத்திட்டு அனுப்பவும்.' கூடவே ஒரு ஃபாரம். அதிலும் அதே இரண்டு கட்டங்கள்.

பள்ளி விட்டதும் லோரியில் ஏறிய மகளிடம் லோகன் அச்செடுத்து வைத்திருந்த ஃபாரத்தை நீட்டினான். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. யாழினி பென்சில் பெட்டியிலிருந்து பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். கட்டங்களைப் பார்த்தாள். பிறகு பேனாவைத் தாளில் வைக்காமல் அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்க ஏம்ப்பா அப்படி எழுதுனீங்க?"

பின்னால் கார்கள் ஹார்ன் அடித்தன. லோகன் லோரியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, சொல்ல ஆரம்பித்தான்.